ஜோதி பாசு

ஜோதி பாசு (ஜூலை 8, 1914 – ஜனவரி 17, 2010) இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத்தைச் சேர்ந்த பொதுவுடைமை இயக்க அரசியல்வாதி ஆவார். 1977 ஜூன் 21 முதல் 2000 நவம்பர் 6 வரை, இடைவெளி ஏதுமின்றி இருபத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அம்மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர். இவர் பதவி விலகிய காலத்தில், இந்திய மாநிலம் ஒன்றில் மிக நீண்ட காலம் முதலமைச்சராக இருந்தவர் என்ற சிறப்பு இவருக்கே உரியதாக இருந்தது. 2018இல் சிக்கிம் முதலமைச்சர் பவன் குமார் சாம்லிங்கும், 2023இல் ஒடிசா முதலமைச்சர் நவீன் பட்நாயக்கும் அக்கால அளவைக் கடந்தனர்.

1964இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியப் பொதுவுடைமைக் கட்சி (மார்க்சிஸ்ட்) அமைப்பின் முதல் அரசியல் தலைமைக் குழுவில் இடம்பெற்ற ஒன்பது பேரில் ஜோதி பாசுவும் ஒருவர். 1996இல் இந்தியாவின் பிரதமராகும் வாய்ப்பு இவரைத் தேடி வந்தது. ஆனால் இவருடைய கட்சி அதனை ஏற்க மறுத்துவிட்டது.

பிறப்பும் கல்வியும்

ஜோதி பாசு கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நிசிகாந்த பாசு ஒரு மருத்துவர், தாயார் ஹேமலதா. இவர்களது பூர்வீக ஊரான பாரதி, இன்று வங்காளதேசத்தின் நாராயண்கஞ்ச் மாவட்டத்தில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் ஜோதிரிந்திரா என்பதாகும். பள்ளியில் சேர்க்கப்பட்டபோது அது ஜோதி எனச் சுருக்கப்பட்டது.

கல்கத்தாவின் லொரெட்டோ பள்ளியிலும் பின்னர் புனித சேவியர் பள்ளியிலும் பயின்ற ஜோதி பாசு, மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றார். 1935இல் சட்டம் பயில இங்கிலாந்து சென்றார். இலண்டன் வாழ்க்கையே இவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் பாசிசம் வலுப்பெற்று வந்த காலம் அது. வி. கே. கிருஷ்ண மேனன் நடத்திய இந்தியா லீக் அமைப்பில் இவர் ஈடுபட்டார். இலண்டன் மஜ்லிஸ் என்னும் இந்திய மாணவர் அமைப்பின் செயலாளராகவும் இருந்தார். பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியின் தலைவர்களான ஹாரி பாலிட், ரஜனி பாமி தத் ஆகியோரின் கருத்துகள் இவரை ஈர்த்தன. பூபேஷ் குப்தா, இந்திரஜித் குப்தா, தமிழ்நாட்டைச் சேர்ந்த மோகன் குமாரமங்கலம் ஆகியோர் அக்காலத்தில் இங்கிலாந்தில் பயின்று இடதுசாரி இயக்கத்தில் இணைந்த பிற இந்திய மாணவர்களாவர்.

பாரிஸ்டர் படிப்பை முடித்து 1940இன் தொடக்கத்தில் நாடு திரும்பிய ஜோதி பாசு, வழக்கறிஞர் தொழிலில் ஈடுபடாமல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் முழுநேர ஊழியரானார். 1940இல் இவர் மணந்துகொண்ட முதல் மனைவி இரண்டு ஆண்டுகளில் காலமானார். 1948இல் கமல் பாசுவை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகன் உண்டு.

தொழிற்சங்கப் பணியும் சட்டமன்ற நுழைவும்

கட்சி இவருக்கு ஒதுக்கிய பணி, இரயில்வே தொழிலாளரிடையே சங்கம் அமைப்பதாகும். வங்காள அசாம் இரயில்வேயின் தொழிற்சங்கத்தில் இவர் பணியாற்றினார். 1946இல் நடைபெற்ற வங்காள மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் இரயில்வே தொழிலாளருக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டிருந்த தொகுதியில் போட்டியிட்டு, பிற்காலத்தில் நடுவண் அமைச்சரான ஹுமாயுன் கபீரைத் தோற்கடித்தார். அம்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொதுவுடைமையர் மூவர் மட்டுமே. ஜோதி பாசுவுடன் டார்ஜிலிங்கின் ரத்தன்லால் பிராமணும் தினாஜ்பூரின் ரூப்நாராயண் ராயும் தேர்வு பெற்றனர்.

அதே ஆண்டில் வங்காளத்தின் கிராமங்களில் தேபாகா இயக்கம் தொடங்கியது. தேபாகா என்பது மூன்று பங்கு எனப் பொருள்படும். நிலத்தை வாரத்துக்குப் பயிரிடுவோர் விளைச்சலில் பாதியை நிலவுடைமையாளருக்கு அளந்து வந்தனர். இனி மூன்றில் இரண்டு பங்கு உழுபவருக்கே என்பது இயக்கத்தின் கோரிக்கையாகும். இவ்வியக்கம் அடக்கப்பட்டாலும் அதன் கோரிக்கை மறையவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோதி பாசு அமைத்த அரசு கையிலெடுத்த முதற்பணிகளுள் ஒன்று, இதே வாரச் சாகுபடியாளரின் உரிமை பற்றியதாகும்.

எதிர்க்கட்சித் தலைவர்

நாட்டுப் பிரிவினைக்குப் பின் 1948இல் மேற்கு வங்காள அரசு பொதுவுடைமைக் கட்சியைத் தடைசெய்தது. ஜோதி பாசு கைது செய்யப்பட்டார். தடை நீங்கிய பின் 1952இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில், கல்கத்தாவை அடுத்த பராநகர் தொகுதியிலிருந்து வெற்றி பெற்றார். அத்தேர்தலில் கட்சி 28 இடங்களைப் பெற்றது. 1972 வரை அத்தொகுதியே இவரைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்தது. 1953 முதல் 1961 வரை கட்சியின் மாநிலச் செயலாளராகவும், 1957 முதல் 1967 வரை சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவராகவும் இவர் விளங்கினார்.

பிதான் சந்திர ராய் முதலமைச்சராக இருந்த அக்காலத்தில் சட்டமன்ற விவாதமும் வீதிப் போராட்டமும் இணைந்தே நடைபெற்றன. 1953இல் கல்கத்தா டிராம் வண்டிக் கட்டணம் ஒரு பைசா உயர்த்தப்பட்டதை எதிர்த்து நடந்த கிளர்ச்சி, 1954இல் பள்ளி ஆசிரியர்களின் ஊதியப் போராட்டம், 1959இல் உணவு இயக்கம் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கன. 1959 ஆகஸ்ட் 31 அன்று உணவு கோரிக் கல்கத்தாவில் திரண்ட ஊர்வலத்தினர் மீது காவல்துறை தாக்குதல் நடத்தியது. அன்றும் அடுத்த நாட்களிலும் எண்பது பேர் இறந்ததாக இடதுசாரிகள் கூறினர். அரிசி விலை, அகதிகளின் குடியிருப்பு, போக்குவரத்துக் கட்டணம் போன்ற அன்றாடச் சிக்கல்களின் வழியாகவே இடதுசாரிகள் நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினரிடையே செல்வாக்கைப் பெற்றனர்.

கட்சிப் பிளவு

1962இல் இந்திய–சீனப் போர் மூண்டபோது, சீனாவை நோக்கிய நிலைப்பாடு குறித்துக் கட்சிக்குள் ஏற்கனவே இருந்த வேறுபாடுகள் கூர்மையடைந்தன. போர்க்காலத்தில் கைதான தலைவர்களுள் ஜோதி பாசுவும் ஒருவர். 1964 ஏப்ரலில் தேசியக் குழுக் கூட்டத்திலிருந்து வெளியேறிய 32 உறுப்பினருள் இவரும் இருந்தார். அவ்வாண்டிலேயே புதிய கட்சி அமைக்கப்பட்டது. அதன் முதல் அரசியல் தலைமைக் குழுவில் பி. சுந்தரய்யா, ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு, ஏ. கே. கோபாலன், பி. டி. ரணதிவே, எம். பசவபுன்னையா, ஹர்கிஷன் சிங் சுர்ஜித், பிரமோத் தாஸ்குப்தா, ஜோதி பாசு ஆகியோருடன் தமிழ்நாட்டின் பி. இராமமூர்த்தியும் இடம்பெற்றார். இவ்வொன்பதின்மரும் பிற்காலத்தில் கட்சியின் நவரத்தினங்கள் என அழைக்கப்பட்டனர். அவர்களுள் கடைசியாக மறைந்தவர் ஜோதி பாசு.

மேற்கு வங்காளத்தில் கட்சியின் அமைப்புப் பணியைப் பிரமோத் தாஸ்குப்தா கவனித்தார். சட்டமன்றத்திலும் மக்கள் முன்னும் கட்சியின் முகமாக ஜோதி பாசு இருந்தார். இந்தப் பணிப்பகிர்வு 1982இல் தாஸ்குப்தா மறையும் வரை நீடித்தது.

ஐக்கிய முன்னணி ஆட்சிகள்

1967 தேர்தலில் மேற்கு வங்காளத்தில் காங்கிரசு பெரும்பான்மையை இழந்தது. காங்கிரசிலிருந்து பிரிந்து வங்காளக் காங்கிரசைத் தொடங்கிய அஜய் முகர்ஜி முதலமைச்சரானார். ஜோதி பாசு துணை முதலமைச்சராகி நிதித்துறைப் பொறுப்பை ஏற்றார். ஆட்சி அமைந்த சில மாதங்களிலேயே வடவங்காளத்தின் நக்சல்பாரியில் உழவர் எழுச்சி வெடித்தது. அதனை வழிநடத்தியோர் ஜோதி பாசுவின் கட்சியைச் சேர்ந்தவர்களே ஆதலால், அரசில் பங்கேற்ற கட்சி தன் சொந்த உறுப்பினருக்கு எதிராக நிற்க வேண்டியதாயிற்று. 1967 நவம்பரில் ஆளுநர் தரம்வீரா அமைச்சரவையைக் கலைத்தார்.

1969 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் 280 இடங்களில் மார்க்சிஸ்ட் கட்சி 80 இடங்களைப் பெற்று மிகப்பெரிய கட்சியாயிற்று. எனினும் கூட்டணியைக் காக்கும் பொருட்டு முதலமைச்சர் பதவி மீண்டும் அஜய் முகர்ஜிக்கே விட்டுக்கொடுக்கப்பட்டது. ஜோதி பாசு துணை முதலமைச்சராகி உள்துறையை ஏற்றார். அவ்வாண்டு ஜூலை 31 அன்று, மோதல் ஒன்றில் காவலர் ஒருவர் இறந்ததால் சினமுற்ற காவலர் கூட்டம் சட்டமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. தமது அறையில் அவர்களை நேருக்கு நேர் சந்தித்த ஜோதி பாசு, அமைதியாகப் பேசித் திருப்பியனுப்பினார். இந்நிகழ்வு இவரது நிதானத்துக்குச் சான்றாகப் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இரண்டாம் ஐக்கிய முன்னணி ஆட்சி 1970 மார்ச்சில் கவிழ்ந்தது. அம்மாத இறுதியில் பாட்னா இரயில் நிலையத்தில் ஜோதி பாசுவைக் குறிவைத்துத் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அவர் தப்பினார், அவரை வரவேற்க வந்திருந்த ஒருவர் உயிரிழந்தார். 1972 தேர்தலில் ஜோதி பாசு பராநகரில் தோல்வியுற்றார். வாக்குச்சாவடிகள் கைப்பற்றப்பட்டதாகக் குற்றஞ்சாட்டிய அவரது கட்சி, அச்சட்டமன்றத்தையே புறக்கணித்தது. சித்தார்த்த சங்கர் ராய் முதலமைச்சராக இருந்த அடுத்த ஐந்தாண்டுகளில், நக்சலைட்டுகளும் மார்க்சிஸ்ட் ஊழியரும் கடும் ஒடுக்குமுறைக்கு ஆளாயினர்.

முதலமைச்சர்

நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பின் 1977 ஜூனில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் ஜனதா கட்சியுடனான தொகுதிப் பேச்சு முறிந்ததால் இடதுசாரிகள் தனித்துப் போட்டியிட்டனர். அவர்களே எதிர்பாராத அளவுக்கு வெற்றி கிட்டியது. மொத்தமுள்ள 294 இடங்களில் மார்க்சிஸ்ட் கட்சி மட்டும் 178 இடங்களைக் கைப்பற்றியது. தனித்தே ஆட்சியமைக்கும் பெரும்பான்மை இருந்தும், புரட்சிகர சோசலிசக் கட்சி, பார்வார்டு பிளாக் முதலிய தோழமைக் கட்சிகளுக்கும் அமைச்சரவையில் இடமளிக்கப்பட்டது. 1967, 1969 கூட்டணிகள் உட்பூசலால் கலைந்த அனுபவமே இதற்குக் காரணம் எனலாம்.

சாத்காசியா தொகுதியிலிருந்து தேர்வு பெற்ற ஜோதி பாசு முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அரசியல் கைதிகளின் விடுதலை புதிய அரசின் முதல் முடிவுகளுள் ஒன்றாகும். அன்றைய தலைமைச் செயலகமான ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மட்டும் ஆட்சி நடத்தப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். அதன் பொருள் அடுத்த ஆண்டிலேயே தெளிவாயிற்று.

நிலச் சீர்திருத்தம்

வாரச் சாகுபடியாளர் வங்காளத்தில் பர்கதார் எனப்படுவர். அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு 1950களிலேயே ஏட்டளவில் இருந்தது. உழவுக்கான செலவைச் சாகுபடியாளரே ஏற்றால் விளைச்சலில் 75 விழுக்காடு அவருக்கு உரியது என்ற விதியும் 1970களின் தொடக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் வாரம் வாய்மொழி ஒப்பந்தமாகவே இருந்தது. ஆவணம் ஏதும் இல்லை. உரிமை கோரும் சாகுபடியாளரை நிலவுடைமையாளர் அடுத்த பருவத்தில் வெளியேற்றிவிட்டால், தாம் அந்நிலத்தில் உழுததை நிறுவ அவரால் இயலாது. வருவாய்த்துறை அலுவலர்களும் கிராமத்துக்கு வந்தால் பெரும்பாலும் நிலவுடைமையாளரின் வீட்டிலேயே தங்கி விசாரணை நடத்தினர்.

1978இல் தொடங்கப்பட்ட பர்கா நடவடிக்கை இந்நிலையை மாற்றியது. நில அமைச்சர் பினய் சௌத்ரியும், நிலச் சீர்திருத்த ஆணையர் தேபப்பிரத பந்தோபாத்யாயவும் இதனைச் செயற்படுத்தியவர்களுள் முதன்மையானவர்கள். அதன் செயல்முறை பின்வருமாறு:

- அலுவலர்கள் சாகுபடியாளர் வாழும் பகுதிகளிலேயே மாலை நேரக் கூட்டங்களை நடத்தினர். தனியே பேச அஞ்சியவர்கள் கூட்டமாகப் பேச முன்வந்தனர்.
- உழுபவர் இன்னார் என்பது ஊரார் முன்னிலையில் வயலிலேயே சரிபார்க்கப்பட்டது. நிலவுடைமையாளரின் மறுப்பும் அங்கேயே கேட்கப்பட்டது.
- திருத்தப்பட்ட சட்டத்தின்படி, ஒருவர் சாகுபடியாளர் அல்லர் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிலவுடைமையாளரைச் சார்ந்தது.
- பெயர் பதிவானவருக்குச் சான்று வழங்கப்பட்டது. அவரை வெளியேற்றுவது அதன்பின் எளிதன்று. அவ்வுரிமை அவரது வழித்தோன்றலுக்கும் சென்றது.

இவ்வாறு 14 லட்சத்துக்கும் மேற்பட்ட சாகுபடியாளரின் பெயர்கள் பதிவாயின. இத்துடன் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம் பத்து லட்சம் ஏக்கர் அளவில் நிலமற்றோருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி, மைத்ரீஷ் கட்டக் முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, பதிவு மிகுதியாக நடந்த பகுதிகளில் வேளாண் விளைதிறனும் உயர்ந்ததாகக் கூறுகிறது. 1980களில் மாநிலத்தின் நெல் உற்பத்தி வேகமாக வளர்ந்ததற்கு, ஆழமற்ற குழாய்க் கிணறுகள் பரவியதே பெருங்காரணம் எனக் கருதுவோரும் உளர். பர்கா நடவடிக்கை நிலத்தின் உடைமையை மாற்றவில்லை, உழுபவரின் பங்கையே உறுதிசெய்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

ஊராட்சி அமைப்பு

1978 ஜூனில் மாநிலம் முழுவதும் கிராம ஊராட்சி, வட்டார அளவிலான ஊராட்சி சமிதி, மாவட்ட ஊராட்சியான ஜில்லா பரிஷத் என மூன்று அடுக்குகளுக்கும் நேரடித் தேர்தல் நடைபெற்றது. அரசியல் கட்சிகள் தத்தம் சின்னங்களில் போட்டியிட்டன. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் ஒழுங்காக நடத்தப்பட்டது. இந்திய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் மூன்றடுக்கு ஊராட்சியை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கி நடைமுறைக்கு வந்தது 1993இல்தான் என்பதை நோக்க, மேற்கு வங்காளம் பதினைந்து ஆண்டுகள் முந்தியது விளங்கும். 1978ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தின்போது, புதிதாகத் தேர்வான ஊராட்சிகளே நிவாரணப் பணியை முன்னின்று நடத்தின.

சிறு உழவரும் பள்ளி ஆசிரியரும் ஊராட்சிப் பதவிகளுக்கு வந்தனர். எனினும் காலப்போக்கில் ஊராட்சியும் கட்சியின் கிளையும் ஒன்றே என்ற நிலை பல இடங்களில் உருவாயிற்று. அரசின் நலத்திட்டம் கிடைப்பதற்குக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது என்பது அவ்வாட்சியின் மீது தொடர்ந்து வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகும்.

நடுவண்–மாநில உறவுகள்

அமைச்சரவைகள் இருமுறை இடையில் முடிவுக்கு வந்ததைக் கண்டவர் என்ற வகையில், மாநில உரிமை ஜோதி பாசுவின் அரசியலில் நிலையான இடம் பெற்றிருந்தது. 1977 டிசம்பரில் அவரது அரசு நடுவண்–மாநில உறவுகள் குறித்த ஓர் ஆவணத்தை வெளியிட்டது. பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், தகவல் தொடர்பு, பொருளாதார ஒருங்கிணைப்பு போன்றவற்றை மட்டும் நடுவண் அரசு வைத்துக்கொண்டு, வருவாயில் 75 விழுக்காட்டை மாநிலங்களுக்கு அளிக்க வேண்டுமென அது கோரியது. தமிழ்நாட்டில் 1969இல் மு. கருணாநிதி அரசு அமைத்த இராஜமன்னார் குழுவின் அறிக்கையை அடுத்து, மாநிலத் தன்னாட்சி பற்றி வெளிவந்த முக்கிய ஆவணமாக இது கருதப்படுகிறது. 1980களின் தொடக்கத்தில் எதிர்க்கட்சி முதலமைச்சர்களின் மாநாடுகள் நடைபெற்றன. 1984 ஜனவரியில் அத்தகைய மாநாடு ஒன்று கல்கத்தாவில் கூடியது. இதனிடையே 1983இல் நடுவண் அரசு சர்க்காரியா ஆணையத்தை அமைத்தது.

தன் மாநிலத்துக்குள் எழுந்த தன்னாட்சிக் கோரிக்கையையும் ஜோதி பாசு எதிர்கொள்ள நேர்ந்தது. டார்ஜிலிங் மலைப்பகுதியில் சுபாஷ் கிசிங் தலைமையில் 1986இல் தீவிரமடைந்த கூர்க்காலாந்துக் கிளர்ச்சி, 1988இல் ஏற்பட்ட முத்தரப்பு உடன்பாட்டின் வழி டார்ஜிலிங் கூர்க்கா மலைக் குழு அமைக்கப்பட்டதும் தணிந்தது. 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்காளதேசமும் கங்கை நீர்ப் பகிர்வு உடன்படிக்கை செய்துகொள்ளவும் ஜோதி பாசுவின் முயற்சி துணைபுரிந்தது.

தொழில்துறை

கிராமங்களில் பெற்ற வெற்றியைத் தொழில்துறையில் அவரது ஆட்சியால் பெற இயலவில்லை. விடுதலையின்போது இந்தியாவின் முன்னணித் தொழில் மாநிலங்களுள் ஒன்றாக இருந்த மேற்கு வங்காளம், 1960களின் நடுவிலிருந்து சரியத் தொடங்கியது. நிலக்கரி, எஃகு ஆகியவற்றுக்கு நாடெங்கும் ஒரே விலை கிடைக்குமாறு 1950களில் கொண்டுவரப்பட்ட சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, கனிம வளத்துக்கு அண்மையில் இருந்ததால் அம்மாநிலம் பெற்றிருந்த இயல்பான நன்மையை நீக்கியது. பிரிவினையால் சணல் ஆலைகள் இந்தியாவிலும் சணல் வயல்கள் கிழக்கு பாகிஸ்தானிலும் அமைந்தன. இவற்றுடன் வேலைநிறுத்தங்கள், கதவடைப்புகள், மேலாளரை முற்றுகையிடும் கெராவ் போராட்டங்கள், 1980களின் கடும் மின்வெட்டு ஆகியனவும் சேர்ந்து முதலீட்டாளரை வெளியேறச் செய்தன. கணினிமயமாக்கலைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் பின்னடைவாக அமைந்தது.

நடுவண் அரசின் உரிமக் கொள்கை தம் மாநிலத்தைப் புறக்கணித்ததாக இடதுசாரிகள் வாதிட்டனர். ஹால்டியா பெட்ரோகெமிக்கல் ஆலைத் திட்டம் அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டது. நெடுங்காலம் இழுபறியில் இருந்த அவ்வாலை 2000இல்தான் இயங்கத் தொடங்கியது. நாட்டின் பொருளாதாரக் கொள்கை 1991இல் மாறிய பின், 1994 செப்டம்பரில் ஜோதி பாசு புதிய தொழிற்கொள்கையை அறிவித்து, தனியார் முதலீட்டையும் வெளிநாட்டு முதலீட்டையும் வரவேற்றார். முதலீடு தேடி அவர் வெளிநாடுகளுக்கும் சென்றார். ஆயினும் இழந்த இடத்தை மாநிலம் மீட்டெடுக்கவில்லை.

கல்வியிலும் இத்தகைய திருப்பம் நிகழ்ந்தது. தாய்மொழிவழிக் கல்வியை வலுப்படுத்தும் நோக்கில் 1980களில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் நிறுத்தப்பட்டது. பெற்றோரின் எதிர்ப்பு வலுத்ததால் பின்னர் அது படிப்படியாகத் திரும்பக் கொண்டுவரப்பட்டது.

விமரிசனங்கள்

இவரது ஆட்சியின் மீதான மிகக் கடுமையான விமரிசனம் மரிச்ஜாப்பி நிகழ்வு பற்றியதாகும். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளுள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தோர் நடு இந்தியாவின் தண்டகாரண்யத்தில் குடியமர்த்தப்பட்டிருந்தனர். எதிர்க்கட்சியாக இருந்தபோது இடதுசாரிகள் அவர்களை வங்காளத்திலேயே குடியமர்த்த வேண்டுமெனக் கோரியிருந்தனர். அந்நம்பிக்கையில் 1978இல் திரும்பிய ஆயிரக்கணக்கானோர் சுந்தரவனக் காட்டின் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினர். அது காப்புக்காடு என்று கூறிய அரசு, 1979 ஜனவரியில் தீவை முற்றுகையிட்டது. உணவும் குடிநீரும் செல்வது தடைப்பட்டது. மே மாதத்தில் மக்கள் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டிலும் பசியிலும் நோயிலும் இறந்தோரின் எண்ணிக்கை, சிலர் என்பது முதல் பல நூறு பேர் என்பது வரை வெவ்வேறாகக் கூறப்படுகிறது. அமிதாவ் கோஷ் 2004இல் வெளியிட்ட 'தி ஹங்ரி டைட்' என்னும் ஆங்கிலப் புதினம் இந்நிகழ்வைப் பின்னணியாகக் கொண்டதாகும்.

1982 ஏப்ரலில் கல்கத்தாவில் ஆனந்தமார்க்க அமைப்பைச் சேர்ந்த 17 பேர் பட்டப்பகலில் கொல்லப்பட்டதும், 1993 ஜூலை 21 அன்று மம்தா பானர்ஜி தலைமையில் இளைஞர் காங்கிரசு நடத்திய பேரணி மீதான காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததும் பிற முக்கிய விமரிசனங்களுக்குக் காரணமாயின. பின்னது மம்தா பானர்ஜியின் அரசியல் வளர்ச்சியில் ஒரு திருப்புமுனையாயிற்று.

பிரதமர் பதவி வாய்ப்பு

1996 மே மாதத் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. காங்கிரசு, பாரதிய ஜனதா ஆகிய இரண்டையும் சாராத கட்சிகள் ஐக்கிய முன்னணியாக ஒன்றிணைந்தன. தமிழ்நாட்டிலிருந்து திராவிட முன்னேற்றக் கழகமும் தமிழ் மாநிலக் காங்கிரசும் அதில் இடம்பெற்றன. பிரதமர் பதவியை ஏற்க மறுத்த வி. பி. சிங், ஜோதி பாசுவின் பெயரைப் பரிந்துரைத்தார். கூட்டணித் தலைவர்களும் அதனை ஏற்றனர்.

மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு கூடி இதனை ஆராய்ந்தது. கட்சிக்கு மக்களவையில் இருந்த இடங்கள் 32 மட்டுமே. காங்கிரசின் வெளி ஆதரவையும் நம்பியிருக்க வேண்டும். கொள்கைகளைத் தீர்மானிக்கும் வலிமை இல்லாத அரசில் பங்கேற்பது கட்சியின் திட்டத்துக்குப் பொருந்தாது என்பது பெரும்பான்மையோர் வாதமாகும். ஜோதி பாசுவும் பொதுச்செயலாளர் சுர்ஜித்தும் பங்கேற்பை ஆதரித்தனர். வாக்கெடுப்பில் அவர்கள் தரப்பு தோற்றது. கூட்டணித் தலைவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க மீண்டும் ஆராயப்பட்டபோதும் முடிவு மாறவில்லை. கர்நாடக முதலமைச்சராக இருந்த எச். டி. தேவகௌடா 1996 ஜூன் 1 அன்று பிரதமரானார். அவரது அரசு பதினோரு மாதங்களே நீடித்தது.

ஜோதி பாசு கட்சியின் முடிவுக்குக் கட்டுப்பட்டார். ஆனால் சில மாதங்களுக்குப் பின் அளித்த நேர்காணல் ஒன்றில் அம்முடிவை 'வரலாற்றுப் பிழை' என்று குறிப்பிட்டார். இச்சொற்றொடர் இந்திய அரசியலில் நிலைத்துவிட்டது. அவர் பிரதமராகியிருந்தால் இடதுசாரிகள் மாநிலக் கட்சி என்ற எல்லையைக் கடந்திருப்பர் என ஒரு சாராரும், காங்கிரசு ஆதரவைத் திரும்பப் பெற்றதும் அவ்வரசும் கவிழ்ந்தே இருக்கும் என மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர்.

பதவி விலகலும் இறுதிக்காலமும்

1977, 1982, 1987, 1991, 1996 என ஐந்து சட்டமன்றத் தேர்தல்களில் தொடர்ந்து கூட்டணிக்கு வெற்றி தேடித்தந்த ஜோதி பாசு, உடல்நலம் கருதி 2000 நவம்பர் 6 அன்று தாமாகவே பதவி விலகினார். புத்ததேவ் பட்டாச்சார்யா முதலமைச்சரானார். 2001 தேர்தலில் ஜோதி பாசு போட்டியிடவில்லை. 2008இல் கோயம்புத்தூரில் நடைபெற்ற கட்சியின் 19ஆம் மாநாட்டில், நாற்பத்து நான்கு ஆண்டுகளாக வகித்துவந்த அரசியல் தலைமைக் குழு உறுப்பினர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, சிறப்பு அழைப்பாளரானார்.

நிமோனியாக் காய்ச்சலால் 2010 ஜனவரி 1 அன்று கொல்கத்தாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், ஜனவரி 17 அன்று தமது 95ஆம் அகவையில் காலமானார். 2003இலேயே அளித்திருந்த உறுதிமொழியின்படி அவரது கண்கள் கொடையாக அளிக்கப்பட்டன. இறுதி ஊர்வலம் இடுகாட்டிலோ சுடுகாட்டிலோ முடியவில்லை. உடல் மருத்துவ ஆய்வுக்காக எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனையில் ஒப்படைக்கப்பட்டது.

அவர் தொடங்கிவைத்த இடது முன்னணி ஆட்சி, தொழிற்சாலைகளுக்காகச் சிங்கூரிலும் நந்திகிராமிலும் வேளாண் நிலம் கையகப்படுத்த முயன்றதை எதிர்த்து எழுந்த போராட்டங்களுக்குப் பின், 2011இல் 34 ஆண்டுகளை நிறைவு செய்து முடிவுக்கு வந்தது. நிலத்தின் மீதான உரிமையை உறுதிசெய்து பெற்ற கிராமப்புற ஆதரவை, அதே நிலத்தின் பொருட்டே அவ்வாட்சி இழந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இடதுசாரிகள் ஓர் இடத்தையும் பெறவில்லை.

வகித்த பொறுப்புகள்

- 1946–1947: வங்காள மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்
- 1952–1972: பராநகர் தொகுதி சட்டமன்ற உறுப்பினர்
- 1953–1961: பொதுவுடைமைக் கட்சியின் மேற்கு வங்காள மாநிலச் செயலாளர்
- 1957–1967: சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர்
- 1964–2008: மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழு உறுப்பினர்
- 1967, 1969–1970: துணை முதலமைச்சர்
- 1977–2001: சாத்காசியா தொகுதி சட்டமன்ற உறுப்பினர்
- 1977–2000: முதலமைச்சர்